ஒன்பதுக்குக் குறைந்தால்

இது நான் நேரில் பார்த்த கதையில்லை. தணிகைவேல் சொல்லக் கேட்ட ஒருவர் எனக்குச் சொன்னார். சொன்னவர் அங்கங்கே கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். சந்தேகம் வந்த இடங்களில் மட்டும் தணிகைவேலிடமே மறுபடி போய்க் கேட்டுக்கொண்டேன்.

திருச்சியில், அரியமங்கலம் பக்கம், லேத் பட்டறைகளுக்கு நடுவே தகரம் போட்ட ஒரு கொட்டகை. பிலோமினா என்பவருடையது. வயது இருபத்தேழு. நாட்டியமோ நாடகமோ கச்சேரியோ, மேடைக்குப் பின்னால் பெரிய எல்.இ.டி. திரை ஒன்று நிற்குமல்லவா, அதில் ஓடும் படங்களை ஆட்டம் நடக்க நடக்க அந்தந்த நொடியில் கலந்து கொடுப்பது அவர் தொழில். ஒரு படம் மங்கும்போதே இன்னொன்று அதன் மேல் எழும். அலை அடித்த இடத்தில் நெருப்பு வரும். முன்கூட்டியே வெட்டி ஒட்டி வைத்த வீடியோ இல்லை அது. ஆடுகிறவர் கால் எங்கே நிற்கிறதோ, படமும் அங்கே நிற்க வேண்டும்.

அதற்கு ஒரு பெட்டி வேண்டும். மேல் பலகையில் ஏற்றி இறக்கும் ஸ்லைடர்கள், திருகும் குமிழ்கள், அழுத்தும் பட்டன்கள். எதைத் தொட்டாலும் அது ஓர் எண்ணாக மாறி மடிக்கணினிக்குப் போகும். மடிக்கணினி அந்த எண்ணுக்குத் தக்கபடி படத்தைக் கலந்து திரைக்கு அனுப்பும். கடையிலேயே கிடைக்கிற பெட்டிதான். ஆனால் பிலோமினாவிடம் ஒரு வழக்கம் இருந்தது. தன் பெட்டியைத் தானே செய்யாதவர் கையில் அவர் திரையைக் கொடுப்பதில்லை.

எல்லோரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். தணிகைவேலும் அப்படித்தான். தணிகைவேலுக்கு வயது நாற்பத்து மூன்று.

தணிகைவேல் பதினேழு வருஷம் ஒரு தனியார் கிளினிக்கில் ஈ.சி.ஜி. எடுத்தவர். முப்பத்தொன்பதாவது வயதில் கை நடுங்க ஆரம்பித்தது. பரம்பரை நடுக்கம், உயிருக்கு ஒன்றும் செய்யாது என்றார் கிளினிக் டாக்டர். தணிகைவேலின் உயிருக்கு அது ஒன்றும் செய்யவில்லைதான். ஆனால் நெஞ்சுவலி என்று வந்து படுத்திருப்பவர், தன் நெஞ்சை நோக்கி ஒரு கை நடுங்கிக்கொண்டே வருவதைப் பார்த்தால் என்ன ஆவார்?

"பேஷண்டெல்லாம் பயப்படுறாங்க தணிகை. நீங்க இனிமே டோக்கன் குடுங்க" என்றார் டாக்டர்.

டோக்கனில் எழுதிய எண்களும் நடுங்கியபடிதான் விழுந்தன. ஒன்றரை வருஷம் அதையும் செய்துவிட்டு நின்றுகொண்டார். அதிலிருந்து அவருக்கு ஒரு பழக்கம். யாருடைய கையையும் உற்றுப் பார்ப்பதில்லை. நாம் பார்த்தால் அவர்களும் நம்முடையதைப் பார்ப்பார்கள் என்று ஓர் எண்ணம்.

அந்த வருஷம் ஒரு மாதா கோயில் திருவிழாவில் நாட்டிய நாடகம் போட்டார்கள். திரையில் கடல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தணிகைவேல் அதை வெறும் வீடியோ என்றுதான் நினைத்தார். ஆடிய பெண் கால் இடறி ஒரு கணம் நின்றாள். கடலும் நின்றது. அவள் மறுபடி அடி எடுத்து வைக்க, கடலும் எழுந்தது. இவர் எழுந்து மேடையின் பக்கவாட்டுக்குப் போய்ப் பார்த்தார். ஒரு மேஜை. மேஜையையும் அதிலிருந்தவற்றையும் மூடி ஒரு கறுப்புத் துணி. பெட்டியின் விளக்குகள் பார்வையாளர் கண்ணில் அடிக்காமலிருக்க அப்படி மூடுவது வழக்கம். துணிக்குள் கைகளை விட்டபடி ஒரு பெண், மேடையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"கடலை யாரோ கையால தள்ளுறாங்கன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது" என்பாராம்.

மறுநாளே அந்தப் பெண் யாரென்று விசாரித்து, பிலோமினாவின் கொட்டகைக்கு வந்துவிட்டார்.

"எனக்குக் கத்துக் குடுப்பீங்களா, மாஸ்டர்?"

பிலோமினா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சால்டர் வைக்கத் தெரியுமா அண்ணே?"

"தெரியாது."

"நல்லது. தப்பா கத்துக்கிட்டது ஒண்ணும் இருக்காது."

எட்டு மாதம் ஆயிற்று அவர் பெட்டியைச் செய்து முடிக்க. மாஸ்டருடைய மேஜையில் துணி சுற்றிய செங்கல் ஒன்று எப்போதும் இருக்கும். மணிக்கட்டை அதன் மேல் அழுத்தி வைத்துக்கொண்டுதான் சால்டர் வைக்க வேண்டும், அதாவது ஈயத்தை உருக்கி வயரை ஒட்ட வேண்டும் என்பது அங்கே பாடம். மாஸ்டரும் அப்படித்தான் வைப்பார். தணிகைவேலுக்கு அது பெரிய வசதி. செங்கல் மேல் இருக்கும்வரை அவர் கை அவர் பேச்சைக் கேட்டது.

பெட்டி அழகாகவே வந்தது. மூன்று ஸ்லைடர், நாலு குமிழ், ஆறு பட்டன். ஓரத்துப் பட்டன் ஒன்றை அழுத்தினால் திரை ஒரே அடியாக இருண்டுவிடும். அதற்குக் கறுப்புத் தொப்பி போட்டிருந்தார். உள்ளே வயர்களைக்கூட ஈ.சி.ஜி. வழக்கப்படி நிறம் பிரித்திருந்தார். வலது கை சிவப்பு, இடது கை மஞ்சள், இடது கால் பச்சை, வலது கால் கறுப்பு.

மாஸ்டர் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "பெட்டிக்கு ஏதாச்சும் வந்தா நேரா ஆஸ்பத்திரிக்கே கொண்டு போயிரலாம் போலயே" என்றார். அவ்வளவுதான் பாராட்டு. தணிகைவேல் அன்று வீடு வரை நடந்தே போனார்.

அப்புறம் மாஸ்டர் அவருக்கு ஒரு நிகழ்ச்சியைக் கொடுத்தார். இருதயராஜின் நாட்டியக் குழு. காவிரியைப் பற்றிய ஆட்டம். இருதயராஜ் குழுவுக்குத் தலைவர், மேளமும் அவர்தான். வாய் சும்மா இருக்காது. ஈ.சி.ஜி. எடுத்தவர் என்று தெரிந்த நாளிலிருந்து தணிகைவேலை டாக்டர் என்றே கூப்பிட்டார்.

ஆட்டத்தின் முடிவு இப்படி. திரை நிறைய வெள்ளம். ஆடுகிறவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்துவிடுவார்கள். மேளம் நிற்கும். மேடை ஓரத்தில் ரெங்கநாயகி அம்மா சொல்லே இல்லாத ஓர் இழுப்பை ஒரே மூச்சில் பாடுவார். அந்த மூச்சு முடிய முடிய வெள்ளம் மெல்லக் குறைந்து இருட்டாக வேண்டும். அந்த மூச்சு ஒருநாள் முப்பது நொடி வரும், ஒருநாள் ஐம்பது வரும். எப்போது முடியும் என்று ரெங்கநாயகி அம்மாவுக்கே தெரியாது. அதனால் கணினியிடம் விட முடியாது. ஒரு கை ஸ்லைடரைப் பிடித்துக்கொண்டு, மூச்சைக் கேட்டுக் கேட்டு இறக்க வேண்டும்.

முதல் ஒத்திகை. ரெங்கநாயகி அம்மா பாட ஆரம்பித்தார். தணிகைவேல் ஸ்லைடரைத் தொட்டார். வெள்ளம் துடிக்க ஆரம்பித்தது. மங்கியது, தெளிந்தது, மங்கியது. கெட்டுப்போன டியூப்லைட் மாதிரி காவிரி மினுக்கியது.

பாட்டு நின்றது.

"என்ன டாக்டரே, காவிரியில பூகம்பமா?" என்றார் இருதயராஜ். உட்கார்ந்திருந்த ஆட்டக்காரர்கள் சிரித்தார்கள்.

கொட்டகையில் சோதித்தபோதெல்லாம் சட்டென்று ஏற்றி, சட்டென்று இறக்கித்தான் பார்த்திருந்தார். இவ்வளவு மெல்ல இறக்கியது இதுதான் முதல் தடவை. என்ன நடந்தது என்று அந்தக் கணமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"வயர் லூஸ்" என்றார்.

மாஸ்டர் பக்கத்தில் இருந்தார். "எந்த வயர்?"

"பாத்துச் சொல்றேன் மாஸ்டர்."

"பாருங்க" என்றார் மாஸ்டர்.

நிகழ்ச்சிக்குப் பத்து நாள் இருந்தது. இல்லாத லூஸ் வயரை எப்படிக் கண்டுபிடிப்பது? தணிகைவேல் பெட்டியைப் பிரித்து, எல்லா இணைப்புகளையும் மறுபடி சால்டர் வைத்தார். நல்ல இணைப்புகளையும்தான். ஸ்லைடரை மாற்றி நீளமானதாகப் போட்டார். துடிப்பு கொஞ்சம் சுருங்கியது, போகவில்லை. ஸ்லைடருக்கு அடியில் ரப்பர் வாஷர் கொடுத்து இறுக்கினார். இப்போது கை நடுங்கினால் ஸ்லைடர் அசையவில்லை. கை தள்ளினாலும் அசையவில்லை. பலமாகத் தள்ளினால் தவளை மாதிரி ஒரே தாவலாகத் தாவியது. கனத்துக்கு அடங்குமா என்று மணிக்கட்டில் உப்புப் பொட்டலத்தைக் கட்டிப் பார்த்தார். டீயை நிறுத்தினார். வலது கைக்குப் பதில் இடது கை என்று பழகினார். இடது கையும் அதே அப்பாவுக்குப் பிறந்த கைதானே.

மாஸ்டர் தினமும் காலையில் அரை டம்ளர் டீயை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். ஒருநாள் மட்டும், "என்னண்ணே, பெட்டிக்குள்ள உப்பு வாசம் வருது?" என்றார்.

"ஒண்ணுமில்ல மாஸ்டர்."

நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை காலையில், தணிகைவேல் பெட்டியை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"மாஸ்டர், இத நீங்களே வச்சுக்குங்க. சனிக்கிழமை நீங்களே பாத்துக்குங்க."

"ஏன்? வயர் கிடைக்கலயா?"

"வயர்ல ஒண்ணுமில்ல. முதல்லேயே தெரியும் எனக்கு." பையை நீட்டினார். "என் கைதான். கிளினிக்லயும் இதனாலதான் எந்திரிச்சு வர வேண்டியதாப் போச்சு. இங்கயும் ஒருநாள் நீங்க சொல்லத்தான் போறீங்க. அதுக்கு முன்னாடி நானே சொல்லிட்டா மரியாதையா இருக்கும்னு…"

மாஸ்டர் சால்டர் கம்பியை ஸ்டாண்டில் வைத்தார். "உள்ள வாங்கண்ணே. வெயில்ல நிக்காதீங்க."

பெட்டியைப் பையிலிருந்து எடுத்து மடிக்கணினியோடு இணைத்தார். திரையில் வெறும் எண் மட்டும் தெரிகிற மாதிரி வைத்தார். ஸ்லைடர் முழுக்க இறங்கியிருந்தால் பூஜ்யம். முழுக்க ஏறினால் ஆயிரத்து இருபத்து மூன்று. இப்போது நடுவில் நின்றது.

"கைய எடுங்க."

"எடுத்துட்டேன் மாஸ்டர்."

"ரெண்டு கையையும்."

தணிகைவேல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ஐந்நூற்றுப் பதினொன்று. ஐந்நூற்றுப் பன்னிரண்டு. பதினொன்று. பதிமூன்று. பன்னிரண்டு. யாரும் தொடவில்லை. எண் சும்மா இருக்கவில்லை.

"இப்ப யாரு நடுங்குறா?" என்றார் மாஸ்டர்.

"பெட்டியா?"

"பெட்டி, கரண்ட்டு, மேல சுத்துற ஃபேன், பக்கத்துப் பட்டறை லேத்து. எல்லாந்தான். நடுங்காத பெட்டிய நான் இன்னும் பாக்கல."

தணிகைவேல் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதோடு விட்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை.

"ஆனா மாஸ்டர், அது ரெண்டுதான் நடுங்குது. நான் வச்சா பாருங்க."

கையை வைத்தார். ஐந்நூற்றெட்டு. ஐந்நூற்றுப் பதினாறு. ஒன்பது. பதினைந்து. எட்டு.

மாஸ்டர் ஒரு நிமிஷம் முழுக்கப் பார்த்தார். "எட்டு இருக்கு. ஆமா, உங்களுது அதிகந்தான்."

ஏதாவது ஆறுதல் சொல்வார் என்று நினைத்திருந்தார் தணிகைவேல். சொல்லவில்லை. ஆச்சரியம் என்னவென்றால், சொல்லாததே அவருக்கு இதமாக இருந்தது. டாக்டர், வீட்டில், அக்கா, எல்லோரும் அதெல்லாம் ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்றே நாலு வருஷம் சொல்லிவிட்டார்கள். இருக்கிறது என்று சொல்லி, எவ்வளவு என்றும் சொன்னது இவர் ஒருவர்தான்.

"அண்ணே, குளிர்ஜுரத்தோட ஒருத்தர் வந்து படுக்குறாரு. ஒடம்பு வெடவெடங்குது. ஈ.சி.ஜி. கோடு எப்படி வரும்?"

"புல்லு மொளைச்ச மாதிரி வரும்."

"அப்ப என்ன பண்ணுவீங்க? நடுக்கம் நின்னதும் வாங்கன்னு அனுப்பிருவீங்களா?"

"நெஞ்சுவலின்னு வந்தவர எப்படி மாஸ்டர் அனுப்புறது? ஃபில்டர் பட்டன அமுக்குவேன்."

"அது என்ன பண்ணும்?"

"சதை நடுங்குறத விட்டுட்டு நெஞ்சு துடிக்கிறத மட்டும் எழுதும். ரொம்பப் போட்டா நெஞ்சோட சேதியும் கொறஞ்சு போயிரும். தேவைக்குத்தான் போடணும்."

"அது அவர ஏமாத்துறது ஆகாதா?"

"ஏமாத்து எப்படி ஆகும்?" தணிகைவேலுக்குக் கொஞ்சம் கோபமே வந்தது. பதினேழு வருஷத் தொழில் அல்லவா. "நடுக்கம் அவர் நெஞ்சுலயா இருக்கு?"

சொல்லிவிட்டுத் தன் கையைப் பார்த்தார்.

மாஸ்டர் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினார். பெட்டிக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டு என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருந்த வரிகள். ஒரு வரியில் விரலை வைத்தார். கடைசியாக அனுப்பிய எண்ணுக்கும் இப்போது வரும் எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் இதற்குக் குறைந்தால் கண்டுகொள்ளாதே என்பது அந்த வரியின் பொருள். 'இதற்கு' என்ற இடத்தில் பூஜ்யம் இருந்தது. அதாவது, எதையும் விடாதே, எல்லாவற்றையும் சொல் என்று பெட்டிக்குக் கட்டளை.

"உங்க எண்ணப் போடுங்க."

தணிகைவேல் எட்டு என்று அடித்தார்.

"ஒண்ணு கூட்டிக்குங்க. ஹால்ல ஏசி இருக்கும்."

ஒன்பது.

கையை வைத்தார். கை நடுங்கியது. எண் நடுங்கவில்லை. ஐந்நூற்றுப் பன்னிரண்டு. ஐந்நூற்றுப் பன்னிரண்டு. மெல்ல இறக்கினார். ஐந்நூற்று மூன்று. நானூற்றுத் தொண்ணூற்று நாலு. ஒவ்வொரு படியாக எண் இறங்கியது, ஒருமுறைகூடத் திரும்பி மேலே ஏறவில்லை. படிக்கும் படிக்கும் நடுவே உள்ள இடைவெளியை மடிக்கணினியே இழுத்து நிரப்பிக்கொண்டது. மாஸ்டர் எண்ணை எடுத்துவிட்டுப் படத்தைப் போட்டார். வெள்ளம் மினுக்காமல், துடிக்காமல் வடிந்தது.

"இவ்வளவுதானா மாஸ்டர்?"

"இவ்வளவுதான்."

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே. ஒரு வாரமா உப்பக் கட்டிக்கிட்டு அலைஞ்சேன்."

"வயர் லூஸுன்னீங்க. வயருக்கு இந்த மருந்து கெடையாதுண்ணே."

தணிகைவேல் சிரித்துவிட்டார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. அதைத் துடைக்கப் போன கையும் நடுங்கியது. அன்று அதை அவர் மறைக்கவில்லை.

சனிக்கிழமை. மாலை ஆறரைக்கு ஆட்டம். தணிகைவேல் துணிக்குள் பெட்டியையும் மடிக்கணினியையும் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது மாஸ்டர் வந்து, "நான் முதல் வரிசைக்குப் போறேன்" என்றார்.

"பக்கத்துல இருக்க மாட்டீங்களா?"

"இத்தன வருஷத்துல நான் ஒரு ஷோகூட உக்காந்து பாத்ததில்லண்ணே. எப்பவும் துணிக்குள்ளயேதான். இன்னைக்காவது பாக்க விடுங்க."

இருதயராஜ் மேளத்தை மாட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தார். "டாக்டரே, இன்னைக்கு வயரெல்லாம் டைட்டா?"

"வயர் அன்னைக்கும் டைட்டுதான்" என்றார் தணிகைவேல். "என் கைதான் நடுங்கும். இப்ப பெட்டிகிட்ட சொல்லியாச்சு."

இருதயராஜ் மேளத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

ஆட்டம் நடந்தது. மலையில் மழை, அணையில் நுரை, வயலில் பச்சை. எல்லாம் அதனதன் இடத்தில் வந்து போயின. கடைசியில் திரை நிறைய வெள்ளம். ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். மேளம் நின்றது. ரெங்கநாயகி அம்மா மூச்சை இழுத்துப் பிடித்துப் பாட ஆரம்பித்தார்.

தணிகைவேல் துணிக்குள் கையை விட்டார். கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. ஏசி வேறு. வெள்ளம் வடிய ஆரம்பித்தது. துடிப்பே இல்லை. கரை தெரிந்தது. நீர் நூலானது. ஸ்லைடர் அடிமட்டத்தில் போய் இடித்தது.

திரை இருளவில்லை.

இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு மட்டும் தெரிகிற அளவில், மங்கலாக ஒரு கீற்று நீர் அங்கே நின்றது.

துணியை லேசாக விலக்கி மடிக்கணினியைப் பார்த்தார். கடைசியாகப் போன எண் ஏழு. ஸ்லைடர் நிற்பது பூஜ்யத்தில். வித்தியாசம் ஏழு. ஒன்பதுக்குக் குறைவு. பெட்டி கண்டுகொள்ளவில்லை. சொன்ன சொல்லைத் தட்டாத பெட்டி.

ஸ்லைடரைக் கொஞ்சம் ஏற்றி இறக்கினால் சரியாகிவிடும். ஆனால் ஏற்றும்போது வெள்ளம் ஒரு கணம் திரும்பி வரும். வறண்ட ஆற்றில் திடீரென்று வெள்ளம். முன்வரிசையில் மாஸ்டர் உட்கார்ந்திருக்கிறார். கறுப்புப் பட்டனை அழுத்தினால் ஒரே அடியாக இருண்டுவிடும். ஆனால் ரெங்கநாயகி அம்மா இன்னும் நிறுத்தவில்லை. அன்றைக்கென்று மூச்சு ஐம்பது நொடியையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

தணிகைவேல் ஸ்லைடரிலிருந்து கையை எடுத்தார். இரண்டு கைகளையும் மடியில் போட்டுக்கொண்டார். அவை பாட்டுக்கு நடுங்கட்டும் என்று விட்டுவிட்டுப் பாட்டைக் கேட்டார். குரல் இழையாகி, காற்றாகி, நின்றது. நின்ற இடத்தில் கறுப்புப் பட்டனை அழுத்தினார்.

பிறகு கைதட்டல்.

விளக்கு போட்டதும் முதலில் ஓடி வந்தவர் இருதயராஜ். "யோவ் டாக்டரே! கடைசியா ஒரு சொட்டுத் தண்ணிய விட்டு வச்சீங்களே, அம்மா நிறுத்துற வரைக்கும்! நம்ம புள்ளைங்க மேடையிலயே அழுதுட்டாங்கய்யா!"

ஆமாம் என்று தலையாட்டியிருக்கலாம்.

"நான் விட்டு வைக்கல. முழுசா எறக்கிட்டேன். பெட்டிதான் கேக்கல."

இருதயராஜ் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இத என்கிட்ட சொன்னீங்க, சரி. வேற யார்கிட்டயும் சொல்லித் தொலைக்காதீங்க."

கூட்டம் கலைந்தது. ஆட்டக்காரர்கள் சலங்கையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் வந்து கறுப்புத் துணியின் ஒரு முனையைப் பிடித்தார். தணிகைவேல் மறுமுனையைப் பிடித்தார். இருவருமாக மடித்தார்கள்.

"பூஜ்யத்துக்குப் பக்கத்துல வந்தா மட்டும் கண்டுக்கோன்னு இன்னொரு வரி எழுதணும்ணே. திங்கக்கெழம எழுதிருவோம்."

"இப்படி ஆகும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மாஸ்டர்?"

"தெரியும். என்னோட முதல் ஷோல திரையில ஒரு கோபுரம் அணையவே மாட்டேன்னு நின்னுச்சு. எல்லாரும் எந்திரிச்சு வீட்டுக்குப் போயிட்டாங்க. அது போகல."

"அப்ப எனக்குச் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா அந்தச் சொட்ட நான் பாத்திருக்க முடியாதே."

யாரோ டீ கொண்டுவந்து வைத்தார்கள். மாஸ்டர் தன் டம்ளரிலிருந்து பாதியைத் தணிகைவேலின் டம்ளரில் ஊற்றிவிட்டு, மீதியை இரண்டு கையாலும் எடுத்தார். பத்து நாளாக டீயையே தொடாதவர் தணிகைவேல். நிறைந்த டம்ளரை எடுத்து, தளும்பியதைப் பற்றிக் கவலைப்படாமல் குடித்தார். சட்டையில் இரண்டு சொட்டு விழுந்தது. விழட்டும் என்று இருந்தது.

ஆனாலும் ஒன்று பாக்கி இருந்தது. அதைக் கேட்காமல் அவரால் வீட்டுக்குப் போக முடியாது.

"மாஸ்டர், எங்க அப்பா அறுபது வயசுல சாப்பாட்ட வாய்க்குக் கொண்டுபோறதுக்கே கஷ்டப்பட்டாரு. இன்னைக்கு எனக்கு ஒம்போது. இது ஒருநாள் பத்தாகும், பன்னண்டாகும். எதுவரைக்கும் போடலாம்? இதுக்கு மேல படம் கெட்டுப்போகும், எந்திரிச்சுக்கோன்னு ஒரு எண் இருக்குமில்ல?"

மாஸ்டர் டம்ளரைக் கீழே வைத்தார். அவசரப்படாமல், அடி மேஜையில் சரியாகப் பதிகிறவரை பிடித்திருந்து வைத்தார்.

"பதினாலு வரைக்கும் பாத்தாச்சுண்ணே. திரை தாங்குது."

தணிகைவேல் மடித்த துணியைப் பெட்டியின் மேல் வைத்து, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பிறகொரு நாள் நான் அந்தக் கொட்டகைக்குப் போனேன். கேட்டு, சம்மதம் வாங்கிக்கொண்டு, மாஸ்டர் தன் பெட்டிக்கு எழுதி வைத்திருக்கும் வரிகளைத் திறந்து பார்த்தேன். 'இதற்குக் குறைந்தால் கண்டுகொள்ளாதே' என்ற வரியில், எண்ணுக்கான இடத்தில் பதினான்கு என்று இருந்தது. அந்தக் கோப்பு கடைசியாகத் திருத்தப்பட்ட தேதி, தணிகைவேல் அங்கே முதன்முதலாக வந்த நாளுக்கு இரண்டு வருஷம் முந்தியது.